சுடாது தாயி

"அந்த லைட்டைக் கொஞ்சம் அமத்துங்களேன், கண்ணு கூசுது" என்றாள் யாழினி.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டரை மணி. சாப்பிட்டுவிட்டு, ஜன்னலைச் சாத்தி, திரையையும் இழுத்துவிட்டு இரண்டு பேரும் படுத்திருந்தோம். அறையில் லைட் எதுவும் எரியவில்லை. மின்விசிறி மட்டும் தலைக்கு மேலே கடகடத்துக்கொண்டிருந்தது.

"எந்த லைட்டைச் சொல்லுத?"

"இதோ, கண்ணுக்கு நேரா எரியுதே, இது."

"கண்ண மூடு. தூக்கம் வந்துரும்."

"மூடித்தாங்க இருக்கேன்."

திரும்பிப் பார்த்தேன். இரண்டு கண்ணையும் இறுக்கி மூடித்தான் இருந்தாள். இமைகள் சேரும் இடத்தில், ரெப்பை முடிக்கு நடுவே, நூல் மாதிரி ஒரு வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது. நீலமும் வெள்ளையும் கலந்த நிறம். காலையில் தீபத்தில் பார்த்த அதே நிறம்.

என் முகம் உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. குரல் தெரிந்திருக்கும். கோவில்பட்டி வட்டாரத்தில் பொருட்காட்சி, கொடை விழா, கட்சிக் கூட்டம் எதுவானாலும் மைக் பிடிப்பது நான்தான். பேர் செந்தூரன். ஊரில் மைக் செந்தூரன் என்றால்தான் தெரியும். இமயமலையில் நடக்கப்போகிற உலகப் பனி விளையாட்டுக்குக் கன்னியாகுமரியிலிருந்து தீப ஓட்டம் கிளம்புகிறது, தமிழ்நாடு முழுக்க வண்டியோடு வந்து அறிவிப்புச் செய்ய ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். என் பிழைப்பில் அப்படி ஒரு வேலை வந்ததேயில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடினேன்.

முதல் நாள் நாகர்கோவிலில் ஈ காக்கை இல்லை. நம்ம ஊர்க்காரனுக்குப் பனிச்சறுக்கு என்ன கருமத்துக்கு? "பனியைப் பாக்கணும்னா ஃப்ரிட்ஜைத் திறந்தாப் போதாதா?" என்று ஒருத்தர் என் முகத்துக்கு நேரே கேட்டார். தீபமும் அசல் நெருப்பில்லை. பனிமலைக்குப் போகிற தீபம் புகை விடக்கூடாது என்று கமிட்டிக்காரர்கள் குளிர்ந்த தீபம் ஒன்றைச் செய்து அனுப்பியிருந்தார்கள். பந்தம் மாதிரிதான் இருக்கும். நாக்கு நாக்காய் ஆடும். கையை உள்ளே விட்டால் ஜில்லென்று இருக்கும். என்னிடம் கொடுத்த காகிதத்தில் "அனைவரும் கையசைத்து வரவேற்போம்" என்று எழுதியிருந்தது. கையசைக்கக்கூட ஆளில்லாத தெருவில் அதை வாசிக்க எனக்கு எரிச்சலாக வந்தது. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, வாயில் வந்ததைப் பேசினேன்.

"சுடாது தாயி, சுடாது! கார்த்திகை மாசம், வீடு தேடி வந்த தீபம்! தைரியமாத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கோங்க!"

அவ்வளவுதான். கடையை விட்டு, அடுப்பை விட்டு ஜனம் இறங்கி வந்தது. இரண்டு உள்ளங்கையையும் தீபத்தின் மேல் காட்டி, எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. கோயிலில் தட்டு வந்தால் யாரும் சொல்லித் தருகிறார்களா என்ன? கை தானாகப் போய்விடும். திருநெல்வேலியில் போலீஸ் தடுப்புக் கட்ட வேண்டியதாயிற்று. ஓட்டத்துக்கு மேனேஜராக வந்த பிரணவ் என்ற பையன் என் முதுகில் தட்டி, "சார், நீங்கதான் ஸ்டார்" என்றான். மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, கோவில்பட்டி. என் சொந்த ஊர். தீப்பெட்டி ஆலைக்காரர்கள், சுடாத நெருப்பு எப்படி இருக்கும் என்று பார்க்கவே கூட்டமாய் வந்திருந்தார்கள். யாழினியும் பக்கத்து வீட்டுச் சுகன்யா அக்காவும் முதல் வரிசையில் நின்றார்கள். மைக்கில் நானே பெண்டாட்டியைக் கூப்பிட்டேன்.

"வாம்மா யாழினி, என் பேச்சைத்தான் நம்பமாட்ட, தொட்டுப் பாத்து நம்பு!"

கூட்டம் சிரித்தது. அவள் வெட்கப்பட்டுக்கொண்டே வந்து, இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

*

அன்று நான்கு மணிக்கு, தீப வண்டி நிறுத்தியிருந்த பள்ளிக்கூட மைதானத்தில் இருந்தேன். வண்டியில் தீபத்தைப் பார்த்துக்கொள்கிற விஞ்ஞானி ஷெரின். சென்னைப் பெண். நாற்பது வயதுக்குள் இருக்கும். என்னைக் கண்டதும், நான் வாயைத் திறக்கும் முன்பே, "உங்க வீட்டுலயுமா?" என்று கேட்டார். அந்த 'யுமா'வில் எனக்குப் பாதி உயிர் போயிற்று.

"என்ன மேடம் அது? கண்ண மூடினாலும் வெளிச்சம் போக மாட்டேங்குதுங்கா."

"உக்காருங்க சார். இது தீயில்ல, உயிர். மின்மினிப் பூச்சி வெளிச்சம் விடுதில்லையா, அந்தக் குணத்தை எடுத்துக் கண்ணுக்குத் தெரியாத கிருமியில சேர்த்திருக்கோம். பந்தத்துக்குள்ளயிருந்து புதுசு வந்துக்கிட்டே இருக்கும். காத்து பட்டதும் காஞ்சு, மூணு செகண்டுல செத்துடும். அதனாலதான் அப்படி ஆடுது."

"செத்துருமா? எங்க சாகுது?"

"காஞ்ச கையில பட்டா செத்துடும். இந்தக் கூட்டத்துல, இந்த வெயில்ல யார் கை காஞ்சிருக்கு? வேர்வையில ரெண்டு மூணு நிமிஷம் உயிரோட இருக்கு. அதுக்குள்ள கண்ணுக்குப் போயிடுது. கண்ணீர்ல உப்பு இருக்கு, சூடு இருக்கு, கொஞ்சம் சர்க்கரைகூட இருக்கு. லேப்ல நாங்க இதுக்கு என்னென்ன ஊட்டி வளர்த்தோமோ, அத்தனையும் கண்ணுல இருக்கு."

"இதெல்லாம் சோதிச்சுப் பாக்கமாட்டீங்களா?" கத்திவிட்டேன்.

"நாப்பத்திரெண்டு விதமா சோதிச்சோம். துணியில பட்டா என்ன, குழந்தை வாயில வச்சா என்ன, நாய் நக்கினா என்னன்னு எல்லாம் பாத்தோம். தீபத்தைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கறது பட்டியல்ல இல்ல. பட்டியல் போட்டவங்க ஊர்ல அப்படி யாரும் செய்யறதில்ல." வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "எங்க வீட்டுலயும் விளக்கு வச்சா அம்மா அப்படித்தான் செய்வாங்க. எனக்காவது தோணியிருக்கணும் சார். தோணல."

கேட்கவே பயமாக இருந்தது. இருந்தாலும் கேட்டேன். "கண்ணுக்கு என்ன ஆகும்?"

"விழித்திரைக்கு ஓய்வே கிடைக்காது. ராப்பகலா வெளிச்சம். ஏழெட்டு நாள்ல அது தேஞ்சு போயிடும். அதுக்கப்புறம் வெளிச்சமும் தெரியாது, இருட்டும் தெரியாது."

மூன்று ஊரிலும் சேர்த்துப் பதினோராயிரம் பேர் தொட்டிருக்கிறார்கள் என்று வண்டியின் கேமரா கணக்கு வைத்திருந்தது. நான் கூப்பிட்டு வந்தவர்கள். காகிதத்தில் இல்லாததை நான் சொல்லி வந்தவர்கள்.

மருந்து இருந்தது. விளையாட்டு முடிகிற அன்று தீபத்தை முறைப்படி அணைக்க வேண்டுமே, அதற்காகச் செய்து வைத்த நீர். கிருமி மட்டும் சாகும், கண்ணுக்குக் கெடுதல் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாள் முழுக்கக் கண்ணைக் கழுவ வேண்டும். ஓர் ஆளுக்கு ஒரு புட்டி. வண்டியில் இருந்தது மொத்தம் ஆறு புட்டி.

"இன்னும் செய்ய முடியாதா?"

"நாலு நாள்ல ஊருக்கே செஞ்சுடலாம். கமிட்டி உத்தரவு போடணும்" என்றார் ஷெரின், பின்னால் பார்த்தபடி.

பின்னால் பிரணவ் நின்றிருந்தான். முதுகில் தட்டிய பிரணவ் இல்லை, முகம் வெளிறிய வேறொரு பிரணவ்.

"வக்கீலுங்க பேசிட்டு இருக்காங்க சார். உத்தரவு போட்டா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ங்கறாங்க."

"போய்த் தொலையட்டும், அடுத்துச் சாத்தூர்லயாவது தொடாதீங்கன்னு சொல்லிருதேன். மைக்கைக் குடு."

"நேத்து தொடுன்னு சொல்லிட்டு இன்னிக்குத் தொடாதேன்னா, நேத்து தொட்டவன் ஏன்னு கேப்பான் சார். அதான் பிரச்சினை." கையிலிருந்த புட்டியை நீட்டினான். இன்னொரு கையில் போனில் ஒரு பத்திரம். "உங்க வொய்ஃபுக்கு இது. நீங்க உடம்பு சரியில்லன்னு வேலையிலிருந்து விலகிடுங்க. யார்ட்டயும் எதுவும் பேச வேணாம். இதுல கைரேகை வச்சிருங்க, போதும்."

அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பத்திரத்தை நான் வாசிக்கக்கூட இல்லை. விரலை வைத்துவிட்டுப் புட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். வழியெல்லாம் ஒரே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தேன். தொடச் சொன்னவன் நான், நான்தான் விலகிவிட்டேனே, இனிமேல் யார் கூப்பிடப் போகிறார்கள், காகிதத்தில் கையசைக்கத்தானே எழுதியிருக்கிறது. சாத்தூர்க்காரன் கையசைத்துவிட்டுப் போவான்.

*

யாழினியிடம் சொட்டு மருந்து என்று மட்டும் சொன்னேன். அவள் வேறெதுவும் கேட்கவில்லை. கேட்கிற தெம்பில்லை. ஒவ்வொரு தடவை கழுவும்போதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குக் கண்ணு போயிருமாங்க?" என்றாள். பிளவுஸ் தைத்துக் கொடுப்பவள். ஊசியில் நூல் கோர்க்கும்போது கண்ணாடிகூடப் போடமாட்டாள். "போகாது, போகாது" என்று நூறு தடவை சொன்னேன். என் குரலை நானே நம்பவில்லை.

புதன்கிழமை காலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சுகன்யா அக்கா கூப்பிட்டார். ஈரத் துண்டைக் கண்ணின் மேல் கட்டியிருந்தார். கையால் சுவரைத் தடவிக்கொண்டே நின்றார்.

"தம்பி, நேத்துச் சாயந்தரம் வரைக்கும் முருகன் அருள்னு நெனைச்சேன். தெருவே வந்து என் கண்ணைப் பாத்துக் கும்பிட்டுட்டுப் போச்சு. இப்பப் பயமா இருக்கு தம்பி. பொட்டுத் தூக்கமில்ல. துண்டு கட்டினாலும் எரியுது, தலகாணியில முகத்தப் புதைச்சாலும் எரியுது. ஆஸ்பத்திரியில கண்ணு நல்லாத்தான் இருக்குங்காங்க. யாழினிக்கு எப்படி இருக்கு?"

உள்ளே யாழினி வாளியில் முகம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அவளுக்கு ஒண்ணுமில்லக்கா" என்றேன்.

"நல்லவேளை, முருகா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் நிற்காத திசையைப் பார்த்துக் கும்பிட்டார். வீட்டுக்குள் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. புட்டியில் பாதிதான் மிச்சமிருந்தது, அக்கா அதைக் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

மத்தியானம் மூன்று மணிக்கு யாழினி கண்ணை மூடினாள். ஒரு நிமிடம் அசையாமல் இருந்தாள். பிறகு, "இருட்டாயிருச்சுங்க" என்றாள். "நல்லா இருட்டாயிருச்சு." சிரித்தாள், அழுதாள், அப்படியே தூங்கிப் போனாள். சாயந்தரம் வரைக்கும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசிச் சொட்டு வரைக்கும் அவளுக்கே ஊற்றினேன்.

*

வியாழக்கிழமை காலை பத்து மணி. யாழினி காப்பியும் கையுமாகப் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன்.

"என்னங்க" என்றாள். "நீங்க இங்க நிக்கிறீங்க. சாத்தூர்ல பேசுறது யாரு?"

போனிலிருந்து என் குரல் வந்தது. சத்தியமாக என் குரல். தொண்டையைக் கனைத்துவிட்டு ஆரம்பிக்கிற வழக்கம்கூட அப்படியே.

"சுடாது தாயி, சுடாது! சாத்தூர் காராச்சேவு தின்ன கைதானே, முந்தானையில துடைச்சிட்டு வாங்க! தைரியமாத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கோங்க! ஏ, சுடிதார் அக்கா, பின்னால நிக்காதீங்க, தீபம் உங்களைத்தான் தேடுது!"

நான் சாத்தூரில் பேசவேயில்லை. காராச்சேவு நக்கல் என் வாயில் வந்ததேயில்லை. ஆனால் நான் அங்கே இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். மூன்று நாள் நான் பேசியதை வைத்து மெஷினுக்கு என்னைப் பழக்கிவிட்டார்கள். அது கூட்டத்தைப் பார்க்கிறது, ஆளைக் குறிப்பிட்டுக் கூப்பிடுகிறது, பதிலுக்குப் பதில் பேசுகிறது. கைரேகை வைத்த பத்திரத்தில் என்ன இருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிளேடு கன்னத்தில் இறங்கிவிட்டது.

யாழினியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கிருமி, ஆறு புட்டி, ஏழெட்டு நாள், பத்திரம், எல்லாம்.

"சுகன்யாக்கா கேட்டப்போ என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்லன்னு சொன்னேன்."

"சீ" என்றாள். பதினாலு வருடக் கல்யாணத்தில் அவள் என்னை அப்படிச் சொன்னதில்லை. எழுந்து சுவர்ப் பக்கம் போய், "அக்கா, அது அருளுமில்ல, நோயுமில்ல, இவுக கொண்டுவந்த தீபத்துல இருந்த கிருமி. மருந்து இருக்காம். ஊரோட போய்க் கேட்டாத்தான் தருவாங்க. தெருவுல எல்லார்ட்டயும் சொல்லுங்க" என்று சத்தம்போட்டுச் சொன்னாள். அந்தப் பக்கம் சுகன்யா அக்கா சுவரைத் தடவிக்கொண்டே தெருவுக்கு நடக்கிற சத்தம் கேட்டது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"அடுத்து எந்த ஊரு?" என்றாள் யாழினி.

"விருதுநகர். மதியம் பன்னிரண்டு மணி."

"வண்டியை எடுங்க. உங்க வாயால கெட்டது, உங்க வாயாலயே தடுங்க."

ஷெரினுக்குப் போன் போட்டேன். எண் உபயோகத்தில் இல்லை என்றது. யாழினி பின்னால் உட்கார்ந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். நான்குவழிச் சாலையில் அப்படி ஒரு வேகத்தில் நான் வண்டி ஓட்டியதில்லை.

விருதுநகர் மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. குழந்தையும் கிழவியுமாக ஜனம். கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி. நடுவில் மேடை. வெள்ளை உடுப்புப் போட்ட ஓட்டக்காரப் பெண் பந்தத்தைத் தாழ்த்திப் பிடித்திருந்தாள். ஜனம் வரிசையாய் வந்து, தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு போனது. மைக்கிருந்த இடத்தில் ஆளில்லை. ஒரு கறுப்புப் பெட்டிதான் இருந்தது. அதன் மேல் ஒரு கேமரா.

தள்ளிக்கொண்டு முன்னால் போனேன். "தொடாதீங்க! கண்ணுல ஒத்திக்காதீங்க! கண்ணு போயிரும்!" என்று கத்தினேன். முப்பது வருடம் மைக்கில் பேசிய தொண்டை. மைக் இல்லாமல் அது பத்தடிகூடப் போகவில்லை. யாழினி இன்னொரு பக்கம் கத்திக்கொண்டிருந்தாள். ஒரு தாய் கைக்குழந்தையின் உள்ளங்கையைப் பிடித்துத் தீபத்துக்கு மேல் கொண்டுபோனாள். பாய்ந்து அந்தக் கையைத் தட்டிவிட்டேன். குழந்தை வீரிட்டது.

"யோவ், பச்சப்புள்ளைய அடிக்கிற? யாருய்யா நீ?" ஒருத்தர் என் காலரைப் பிடித்தார்.

"நான்தான்யா மைக்ல பேசுறவன்! செந்தூரன்! அது என் குரல்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒலிபெருக்கி தொண்டையைக் கனைத்தது.

"அங்க என்னய்யா தள்ளுமுள்ளு? அந்தக் கோடுபோட்ட சட்டைக்காரரை அடிக்காதீங்க, பாவம், நம்மாளுதான். நெருப்புன்னா பயம் போலிருக்கு. பயப்படாதீங்கண்ணே! சுடாது! நம்ம விருதுநகர் ஜனம் நல்ல ஜனம், அண்ணனைக் கொஞ்சம் முன்னால கூட்டிட்டு வாங்க!"

காலரைப் பிடித்தவரின் முகம் உடனே இளகிவிட்டது. "அவரே சொல்லுறாரு பாருங்க" என்று என் தோளில் கை போட்டார். நான் திமிறினேன். யாரோ சிரித்துக்கொண்டே என் இன்னொரு கையைப் பிடித்தார்கள். "விடுங்கய்யா, அவரை விடுங்கய்யா" என்று யாழினி கதறுவது தூரத்தில் கேட்டது. அதையும் பயம் என்றே நினைத்தார்கள் போலிருக்கிறது. ஒருத்தரும் முரடாய் நடந்துகொள்ளவில்லை. பயந்த பிள்ளையைக் கோயிலுக்குள் கூட்டிப் போவது மாதிரி, தட்டிக் கொடுத்து, தைரியம் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள். என் இரண்டு உள்ளங்கையையும் விரித்துத் தீபத்தின் மேல் காட்டினார்கள். ஜில்லென்றிருந்தது. அப்படியே எடுத்து என் கண்ணில் அழுத்தி ஒற்றினார்கள்.

"பாத்தீங்களாண்ணே, சுடல இல்ல?" என்று கேட்டார், என் காலரைப் பிடித்த அந்த நல்ல மனுஷன்.